நடைப்பயணம், முகாம், சீனி வரி: நீரிழிவைத் தடுப்பது எது?

மலேசியாவில் 18 வயதைத் தாண்டியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாக 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு கண்டது. இனவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது இந்தியர்களிடம் அது 31.4 விழுக்காடு. ஏறத்தாழ மூன்று பேரில் ஒருவர். மலாக்காவில் கல்யாணப் பந்தியிலோ கருமாதி வீட்டிலோ உறவுக்காரர்களுடன் உட்கார்ந்திருக்கும் எந்தத் தமிழருக்கும் இந்தக் கணக்கு வியப்பைத் தராது. கால்விரல் எடுத்தவர், வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகிறவர், ஐம்பதிலேயே கண் மங்கியவர் என்று உறவுக்குள் எங்காவது ஒருவர் இருக்கிறார். பேசிப் பேசிப் பழகிப்போன துயரம் இது. பழகிப்போனதால்தான், தடுப்பு என்ற பெயரில் நடப்பவற்றை யாரும் கேள்வி கேட்பதில்லை. நடக்கிறதே, அது போதும் என்று இருந்துவிடுகிறோம்.

மலாக்காவின் புக்கிட் பெருவாங்கை வைத்துப் பார்ப்போம். மல்டிமீடியா பல்கலைக்கழகம் இங்கே இருக்கிறது. பக்கத்தில் ஆயர் குரோ தொழிற்பேட்டை. இன்னொரு திசையில் பத்து பெரெண்டாமின் மின்னணுத் தொழிற்சாலைகள். ஜாசின், காடேக், அசகான் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று இப்படிப்பட்ட வட்டாரங்களின் தாமான்களில் குடியிருக்கிறார்கள். விடியுமுன் எழுந்து மரம் மரமாக நடந்த உடம்பின் வாரிசு, இன்று எந்திரத்தின் முன் நின்றோ, கேமராத் திரைக்கு முன் காவலாளியாக உட்கார்ந்தோ, லாரி ஓட்டியோ பன்னிரண்டு மணி நேரம் உழைக்கிறது. நடை போய்விட்டது, சோற்றின் அளவும் தேநீரின் சீனியும் அப்படியே நிற்கின்றன. இந்த மக்களுக்காக அரசும் முதலாளிகளும் வைத்திருக்கும் தடுப்புத் திட்டங்கள் உண்மையில் எதைத் தடுக்கின்றன என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

உரைகல் ஒன்றுதான்: திட்டத்தால் புதிதாக நோய் பிடித்தவர்களின் எண்ணிக்கை குறைந்ததா? எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்கு விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள், எத்தனை டி-சட்டைகள் கொடுத்தார்கள் என்பதெல்லாம் திட்டம் நடந்ததற்குச் சாட்சி. அது பலித்ததற்குச் சாட்சி வேறு.

நீரிழிவைத் தடுக்க முடியும் என்பதில் ஐயமே இல்லை. சீனாவின் டாச்சிங் நகரில் 1986-இல் தொடங்கிய ஆய்வும், ஃபின்லாந்திலும் அமெரிக்காவிலும் அதன் பின் நடந்த ஆய்வுகளும் அதை நிறுவிவிட்டன. 3,234 பேரை வைத்து நடந்த அமெரிக்க ஆய்வில் உணவும் உடற்பயிற்சியும் நோயை 58 விழுக்காடு குறைத்தன. ஆனால் நமக்கு மிக நெருக்கமான சான்று சென்னையில் இருக்கிறது. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு அது. அதில் சேர்ந்த 531 பேரும் பெரும்பாலும் நிறுவனங்களில் வேலை செய்தவர்களும் அவர்களின் குடும்பத்தாருமாக இருந்தார்கள். அந்த வகையில் அது பணியிடத்திலிருந்தே புறப்பட்ட ஆய்வு. சர்க்கரை ஏறி நீரிழிவின் எல்லையில் நின்ற அவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் மூன்றாண்டுகளில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்துவிட்டது. வாழ்க்கைமுறை மாற்றம் கற்றுக்கொடுக்கப்பட்ட குழுவில் அது 39.3 விழுக்காடு. மெட்ஃபார்மின் மாத்திரை பெற்ற குழுவில் 40.5. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது 39.5. சேர்த்துக் கொடுத்ததால் கூடுதல் பலன் ஏதும் கிடைக்கவில்லை.

இந்த எண்களை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். முதலில் உறைப்பது அந்த 55. எல்லையில் நிற்கும் தமிழரை அப்படியே விட்டுவிட்டால் மூன்றே ஆண்டில் பாதிப் பேருக்கு மேல் விழுந்துவிடுகிறார்கள். அமெரிக்க ஆய்வில் ஒப்பீட்டுக் குழுவின் வேகம் இதைவிட வெகு குறைவு. ஆகவே நம்மிடம் காத்திருக்க நேரமில்லை. அடுத்தது, வாழ்க்கைமுறைக் குழுவில் எடை பெரிதாகக் குறையவில்லை, ஆனாலும் நோய் குறைந்தது. எடை இறங்கவில்லை என்று மனம் தளர்ந்து நடைப்பயிற்சியை நிறுத்திவிடும் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்ல வேண்டும். அந்தக் குழுவிடம் கேட்டதும் ஆடம்பரமான எதுவுமல்ல: நாளுக்கு அரை மணி வேகநடை, சீனியையும் தீட்டிய மாவுப் பொருளையும் எண்ணெயையும் குறைத்தல், மாதம் ஒரு தொலைபேசி அழைப்பு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேர்ச் சந்திப்பு. ஆறு அல்லது ஏழு பேரை மூன்றாண்டு இப்படிப் பின்தொடர்ந்தால் ஒருவர் நோயிலிருந்து தப்புகிறார். மருத்துவத்தில் இது மிக நல்ல கணக்கு.

அதே குழு 2013-இல் இன்னொரு ஆய்வை வெளியிட்டது. வேலைக்குப் போகும் 537 ஆண்களுக்கும் வழக்கமான அறிவுரை கொடுத்து, பாதிப் பேருக்குக் கைப்பேசியில் குறுஞ்செய்தியும் அனுப்பினார்கள். இரண்டாண்டில் செய்தி பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்தது. செலவு மிகச் சிறியது, பலன் பெரியது.

இந்த வெற்றிகளைக் கைகாட்டித்தான் பணியிடத் திட்டங்கள் தம்மை நியாயப்படுத்துகின்றன. ஆனால் சென்னை ஆய்வுக்குள் எடுக்கப்பட்டவர் யார் என்று பார்க்க வேண்டும். குளுக்கோஸ் கரைசல் குடிக்க வைத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கும் பரிசோதனையை இரண்டு முறை செய்து, இரண்டிலும் எல்லையில் இருந்தவர்களை மட்டும் சேர்த்தார்கள். நம் முகாம்களில் நடப்பது ஒரு சொட்டு விரல் ரத்தம். உணவுக்குப் பின் சர்க்கரை ஏறுவதே தெற்காசிய உடம்பில் பலருக்கு முதல் அறிகுறி. வெறும் வயிற்றில் எடுத்த ஒரு சொட்டு அதைக் காட்டாமல் போகலாம். சாப்பிட்டுவிட்டு வந்தவரிடம் எடுத்த சொட்டோ எதையும் உறுதியாகச் சொல்லாது. ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்ற பொய்யான நிம்மதியோடு ஒருவரை வீட்டுக்கு அனுப்பும் முகாம், முகாமே நடத்தாததைவிடத் தீங்கானது. இரண்டாவது வேறுபாடு தொடர்ச்சி. சென்னையில் மாதந்தோறும் ஒரு குரல் அழைத்தது. முகாம் முடிந்து கூடாரம் பிரிக்கப்பட்டபின் நம்மை அழைப்பவர் யார்?

தொடர்ச்சி இருந்தும் பலன் மெலிந்துபோகலாம் என்பதற்குக் கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தில் நடந்த ஆய்வு எச்சரிக்கை. 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில் 1,007 பேர் சேர்ந்தார்கள். ஊர்க்காரர்களே பயிற்சி பெற்றுக் குழுக்களை நடத்தினார்கள். இரண்டாண்டு முடிவில் குழுக்கள் நடந்த பகுதிகளில் 14.9 விழுக்காட்டினருக்கும் மற்றவற்றில் 17.1 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்தது, சிறு வேறுபாடுதான். தற்செயலாக வந்திருக்கக்கூடிய அளவு அது என்பதால் வெற்றி என்று அதைச் சொல்ல முடியாது. அங்கே சேர்க்கப்பட்டவர்கள் கேள்வித்தாள் மதிப்பெண் வழியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், எல்லோரும் நோயின் விளிம்பில் நின்றவர்கள் அல்லர். நம் மலாக்கா நிலைமைக்குச் சென்னை ஆய்வைவிட இந்த ஊர் ஆய்வே நெருக்கமானது. ஆகவே அதன் அடக்கமான முடிவை நாம் மறைத்துவைக்கக் கூடாது.

இனி பணியிட நலத் திட்டங்கள். நிறுவனங்கள் ஆண்டறிக்கையில் பெருமையோடு போடுபவை இவைதான்: எடை பார்ப்பு, உரை, காலடி எண்ணும் போட்டி, ‘நலவாழ்வு வாரம்’. இவற்றைச் சீட்டுக் குலுக்கல் முறையில் நேர்மையாகச் சோதித்த இரண்டு பெரிய ஆய்வுகள் அமெரிக்காவில் நடந்தன. பிஜேஸ் என்ற மொத்த விற்பனைக் கடைகளின் 160 கிளைகளில் 20-இல் மட்டும் திட்டத்தை நடத்தினார்கள். மொத்தப் பணியாளர் ஏறக்குறைய 33,000 பேர். சிருய் சாங், கேத்தரின் பெய்க்கர் இருவரும் 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒன்றரை ஆண்டில், ‘நான் உடற்பயிற்சி செய்கிறேன்’, ‘எடையைக் கவனிக்கிறேன்’ என்று சொன்னவர்கள் கூடினார்கள். ஆனால் ரத்த அழுத்தம், கொழுப்பு, உடல் எடைக் குறியீடு, மருத்துவச் செலவு, விடுப்பு எதிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 4,800-க்கும் மேற்பட்ட ஊழியர்களை வைத்து நடந்த ஆய்வும் அதே இடத்தில்தான் வந்து நின்றது. அதோடு இன்னொன்றையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது: திட்டத்துக்குத் தாமாக வருகிறவர்கள் ஏற்கெனவே நலமாக இருப்பவர்கள்.

புக்கிட் பெருவாங் குன்றில் காலையிலும் மாலையிலும் ஏறி இறங்குகிறவர்களை நினைத்துப் பாருங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், அலுவலகம் முடிந்து வரும் அதிகாரி, விளையாட்டில் ஆர்வமுள்ள மாணவர். நல்ல பழக்கம், வாழ்த்த வேண்டியது. ஆனால் இரவு ஷிப்ட் முடிந்து காலை ஏழு மணிக்குத் தாமானுக்குத் திரும்பி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கண்ணயரும் பெண் அந்தக் குன்றில் ஏற மாட்டார். ஷிப்ட் வேலை செய்வோருக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 9 விழுக்காடு அதிகம் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். ஷிப்ட் மாறி மாறி வந்தால் இன்னும் அதிகம். நோயை வளர்ப்பதில் வேலைக்கே ஒரு பங்கு இருக்கும்போது, வேலையைத் தொடாமல் வேலையாளின் மனவுறுதியை மட்டும் குறிவைக்கும் திட்டம் எப்படிப் பலிக்கும்?

மலேசிய அரசின் திட்டங்களுக்கு வருவோம். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ 2013-இல் இலவசப் பரிசோதனைச் சீட்டுகளை வழங்கத் தொடங்கியது. 40 வயதை எட்டிய தொழிலாளர்களுக்கு அவை கிடைத்தன. 2019-இல் வந்த பெக்கா பி40 திட்டமும் குறைந்த வருமானக் குடும்பங்களில் 40 வயதைத் தாண்டியவர்களையே பரிசோதனைக்கு அழைக்கிறது. நோக்கம் உயர்ந்தது. தனியார் கிளினிக்கில் காசு கொடுத்துப் பார்க்க முடியாத ஒருவருக்கு இந்தச் சீட்டு பெரிய உதவி என்பதை நான் மனமார ஏற்கிறேன். ஆனால் அந்த 40 என்ற எண் நமக்குப் பொருந்தாது. மலேசியாவின் சொந்த மருத்துவ வழிகாட்டியே 30 வயது முதல் பரிசோதிக்கச் சொல்கிறது. 2023-ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில், நீரிழிவு இருந்த 18 முதல் 29 வயதுக்காரர்களில் 84 விழுக்காட்டினர் தமக்கு நோய் இருப்பதையே அறியாமல் இருந்தார்கள். நாற்பதில் கதவைத் திறக்கும் திட்டம், தமிழரில் பலருக்குத் தடுப்புத் திட்டமாக இருக்க முடியாது. அது நோயை உறுதிசெய்யும் திட்டமாகிவிடுகிறது.

2013-இல் தொடங்கிய கோஸ்பென் திட்டம் பரிசோதனையோடு நிற்காமல் ஊர்த் தொண்டர்கள் வழியாக உணவு, நடை, எடை, புகை எல்லாவற்றையும் தொட முயன்றது. பின்னர் அது பணியிடங்களுக்கும் நீண்டது. கருத்தளவில் நான் மிகவும் மதிக்கும் முயற்சி. அதன் வேர் கிராம மேம்பாட்டு அமைப்புகளிலும் அக்கம்பக்கத்தார் அமைப்பான ருக்குன் தெத்தாங்காவிலும் இருந்தது. தோட்டமோ தனியார் நிலம். கிராம மேம்பாட்டுத் திட்டங்கள் தோட்டத்து எல்லையில் நின்றுவிடுவது இந்த நாட்டில் பழைய கதை. தோட்டத்தை விட்டு வெளியேறி மலிவு வீடுகளில் சிதறியவர்களுக்கு அப்படி ஒரு ஊர்க் கட்டமைப்பு எளிதில் அமையவில்லை. குத்தகை முறையில் வேலை செய்யும் காவலாளிக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் நிறுவனத்தின் நலவாழ்வு வாரமும் கிடைப்பதில்லை. ஏனென்றால் அவர் அந்த நிறுவனத்தின் ஊழியரே அல்லர்.

பணியிடத் திட்டம் என்றாலே வீண் என்று நான் சொல்லவில்லை. பணியிடம் வழியாக ஒரு கொடிய நோயை ஒடுக்கிய வரலாறு இதே மண்ணில் உண்டு. 1901-இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன், நம் முன்னோர்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற மலேரியாவைச் சதுப்பை வடித்தும் கால்வாய் வெட்டியும் குறைத்தார். பின்னர் தோட்டங்களிலும் அந்த முறை பரவியது. வேலைக்கு முன் பேர் கூப்பிடும் பெரட்டில் வரிசையாக நிறுத்திக் குவினைன் கொடுப்பதும் நடந்தது. அது ஆளுக்கு ஆள் செய்த மருத்துவம். கால்வாயோ ஆளை எதுவும் கேட்கவில்லை, நிலத்தை மாற்றியது. கொசு பிறக்கும் இடம் அழிந்ததும் ஒழுங்காக மருந்து விழுங்கியவரும் விழுங்காதவரும் சேர்ந்தே காப்பாற்றப்பட்டார்கள். இன்றைய தொழிற்சாலையின் நலவாழ்வு வாரம் குவினைன் வரிசையின் வழி வந்தது. கால்வாய்க்கு நிகரானது எது என்று தேடினால் கேண்டினும் ஷிப்ட் அட்டவணையும்தான் கண்ணில் படுகின்றன. இந்தியாவில் 11 பணியிடங்களில் 2,108 ஊழியர்களோடு நடந்து 2022-இல் வெளியான ஆய்வு ஆலோசனைக் குழுக்களோடு கேண்டினையும் சேர்த்துக்கொண்டது. எடையிலும் சர்க்கரையிலும் முன்னேற்றம் தெரிந்தது. ஒப்பிட்டுப் பார்க்கத் தனிக் குழு இல்லாததால் அந்த முடிவை முழுதாக நம்பிவிட முடியாது. இருந்தாலும் திசை சரியானது.

பணியிடத்துக்கு வெளியே, நாடு முழுமைக்குமான நடவடிக்கைகளில் முதன்மையானது சீனி வரி. 2019 ஜூலை 1 முதல், 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு விதித்தார்கள். 2024-இல் அது 50 காசு, 2025-இல் 90 காசு. 325 மில்லி டின்னுக்கு இன்று ஏறத்தாழ 29 காசு வருகிறது. விலை ஏறினால் வாங்குவது குறையும், அதைவிட முக்கியமாக, வரியிலிருந்து தப்பத் தயாரிப்பாளர் சீனியைக் குறைப்பார். குடிப்பவர் மனவுறுதி காட்டத் தேவையே இல்லை. இது கால்வாய் வகை நடவடிக்கை. பாராட்டுகிறேன்.

ஆனால் மலாக்காத் தமிழர் சீனியை அதிகம் குடிப்பது டின்னில் அல்ல. மாமாக் கடையில் தே தாரேக், மைலோ ஐஸ், சிராப் பாண்டோங். இவை கடையில் கலக்கப்படுபவை, வரி இவற்றைத் தொடாது. அங்கே போகும் சீனியின் விலையை அரசே கட்டுப்படுத்தி வைத்திருக்கிறது. 2013 அக்டோபரில் சீனிக்கான மானியம் நிறுத்தப்பட்டது நல்ல முடிவு. ஆனால் கிலோவுக்கு 2 வெள்ளி 85 காசு என்ற உச்சவரம்பு 2018-இலிருந்து தொடர்ந்தது. அந்த விலையில் ஆலைகள் தாக்குப்பிடிக்க 2023 நவம்பரில் கிலோவுக்கு 1 வெள்ளி ஊக்கத்தொகையும் வந்தது. ஒரு கோப்பையில் 20 கிராம் சீனி போட்டாலும் கடைக்காரருக்கு 6 காசு செலவாகாது. குறைத்துப் போட அவருக்கு என்ன தூண்டுதல்? ஒரு கையால் டின்னுக்கு வரி போட்டு மறு கையால் சீனியை மலிவாக வைத்திருக்கும் கொள்கையை முரண்பாடு என்றுதான் சொல்ல வேண்டும். ஏழைக் குடும்பத்தின் செலவைக் காக்கவே உச்சவரம்பு என்பார்கள். அந்த ஏழைக் குடும்பம்தான் டயாலிசிஸ் வரிசையிலும் நிற்கிறது.

சிங்கப்பூர் இந்த இடத்தில் தெளிவாக நடந்துகொண்டது. பானங்களுக்கு ஏ முதல் டி வரை தரமிட்டு, சி, டி தரங்களுக்கு முத்திரை கட்டாயம் என்றும் டி தரத்துக்கு விளம்பரம் கூடாது என்றும் 2022 டிசம்பர் 30-இல் விதித்தது. சரியாக ஓராண்டு கழித்துக் கடையில் கலக்கும் பானங்களுக்கும் விதியை நீட்டியது. அடைத்து விற்கும் பானங்களில் இடைநிலைச் சீனி அளவு 2017-இல் 7.1 விழுக்காடாக இருந்தது, 2023-இல் 4.6 ஆனது. இதனால் நீரிழிவு குறைந்தது என்று இன்னும் யாரும் நிறுவவில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அடைத்து விற்கும் பானங்களில் சீனி குறைந்தது என்பது திடமான செய்தி.

நாடு முழுதும் தழுவிய நடவடிக்கைகளின் வலிமைக்கும் எல்லைக்கும் சேர்ந்த சான்று மொரீஷியஸ். நம் நாட்டைப் போலவே தோட்ட வேலைக்கு ஆள் போன தீவு, தமிழரும் வாழும் தீவு. 1987-இல் தொற்றா நோய்களுக்கெதிரான திட்டம் தொடங்கியது. மானிய விலைச் சமையல் எண்ணெயில் பாமாயிலுக்குப் பதில் பெரும்பாலும் சோயா எண்ணெயைக் கலக்க அரசு உத்தரவிட்டது. 1992-க்குள் மக்களின் சராசரிக் கொழுப்பளவு லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7-க்கு இறங்கியது. யாரையும் எதையும் விடச்சொல்லாமல் சட்டியில் இருந்த எண்ணெயை மாற்றியதன் விளைவு. ஆனால் அதே ஐந்தாண்டில் உடல் பருமன் கூடியது, நீரிழிவு குறையவில்லை. ஒரு பொருளைச் சரிசெய்தால் அந்தப் பொருள் தரும் கேடு மட்டுமே குறையும். ஆகவே நம் சீனி வரியும் சோற்றின் அளவையும் அசையாத வேலையையும் சரிசெய்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

‘2023-இல் நீரிழிவு 15.6 விழுக்காடாகக் குறைந்துவிட்டதே’ என்று ஒரு வாதம் எழலாம். எண்ணைப் பிரித்துப் பாருங்கள். நோய் இருப்பதை ஏற்கெனவே அறிந்தவர்கள் 2019-இல் 9.4 விழுக்காடு, 2023-இல் 9.7. குறையவே இல்லை. குறைந்தது, ஆய்வின்போது விரல் சோதனையில் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள்: 8.9-இலிருந்து 5.9. கண்டறிதல் மேம்பட்டிருக்கலாம், அளவீட்டில் வேறுபாடு இருந்திருக்கலாம். தடுப்புத் திட்டங்கள் பலித்துவிட்டன என்று கொண்டாட இந்த எண்கள் இடம் தரவில்லை.

என் தீர்ப்பு இது. உரை, போட்டி, ஒருநாள் பரிசோதனை என்ற வடிவில் இன்று நடக்கும் பணியிட நலத் திட்டம் நீரிழிவைத் தடுக்கவில்லை. தடுப்பு என்ற பெயரை அது கைவிட வேண்டும். எல்லையில் நிற்பவரை முறையாகக் கண்டுபிடித்து மூன்றாண்டு தொடர்ந்து பின்தொடரும் சென்னை முறை தடுக்கிறது. அதை மலாக்காவில் செய்யப் பெரிய பணம் தேவையில்லை, 30 வயதில் தொடங்கும் முறையான குளுக்கோஸ் கரைசல் பரிசோதனையும் மாதம் ஒரு தமிழ்க் குரலும் தேவை. அது எல்லையில் நிற்பவருக்கு. அவருக்குப் பின்னால் அந்த எல்லையை நோக்கி வந்துகொண்டிருக்கும் இளையோருக்குக் கடையில் கலக்கும் பானத்தின் விதியும் சீனி விலையும் கேண்டின் தட்டும்தான் வேலை செய்யும். இரண்டில் ஒன்றுக்குத்தான் இப்போது பணம் இருக்கிறது என்றால், பானமும் சீனி விலையும் முதலில் வரட்டும் என்பேன். காவலாளியையும் இரவு ஷிப்ட் பெண்ணையும் தேடிப்போய்த் தொடுவது அந்த வழி ஒன்றுதான்.

சங்கப் பொறுப்பாளர்களுக்கும் ஆலய நிர்வாகத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டு ஒப்பந்தத்தில் சம்பளத்தோடு 30 வயதுப் பரிசோதனைக்குச் சம்பள விடுப்பையும், குத்தகைத் தொழிலாளர்களுக்கும் அதே உரிமையையும் எழுதிக் கேளுங்கள். அன்னதானத்தில் தே கலக்கும்போது சீனியைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். அடுத்த முறை யாராவது உங்கள் மண்டபத்தில் நீரிழிவு முகாம் நடத்த அனுமதி கேட்டு வந்தால், முகாம் முடிந்த மறுமாதம் இவர்களை யார் அழைப்பார் என்று முதலில் கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் அனுமதி கொடுக்காதீர்கள்.